எந்த உப்பு என்றும் கேளுங்கள்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களிடம் பினாங்கில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல உப்பு எவ்வளவு?" நிபோங் திபால் பக்கம் இறால் குளம் வைத்திருக்கும் அண்ணன் கேட்கிறார். வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் கல்லூரிப் பையன் கேட்கிறான். வடிகட்டி விற்க வந்த ஆள் பேனா மாதிரி ஒரு மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கி, அதில் வந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போன பிறகு, பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா போன் போட்டுக் கேட்கிறார். மூன்று பேருக்கும் என்னால் ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

அந்தப் பேனா உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறது. கரைந்திருக்கும் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், கூடினால் மின்கடத்துத்திறன் கூடும். அதை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த திடப்பொருளின் அளவு என்று திரையில் காட்டிவிடுகிறது. அங்கே இருப்பது சோடியமா, கால்சியமா, குளோரைடா, பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது. ஈயமோ ஆர்செனிக்கோ குடிநீர் வரம்பை மீறி இருந்தாலும் அந்த எண் அசையாது. கிருமி இருந்தாலும் அசையாது. வடிகட்டி விற்பவர்கள் இதோடு இன்னொரு செய்முறையும் காட்டுவார்கள்: இரும்புக் கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் பழுப்புச் சகதி எழும்பும். அது தண்ணீரில் இருந்த அழுக்கல்ல, கம்பியின் இரும்பு கரைந்து துருவானது. வடிகட்டிய நீரில் அயனிகள் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, நீரும் தெளிவாகவே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு யாரும் ஆயிரக்கணக்கில் ரிங்கிட்டை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஒற்றை எண் எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதை உள்நாட்டு உப்பு ஏரிகளில்தான் தெளிவாகப் பார்க்கலாம். கடலுக்குப் போக வழியில்லாத ஆறுகள் ஒரு பள்ளத்தில் வந்து சேர்ந்து, அங்கேயே வெயிலில் ஆவியாகின்றன. நீர் போகிறது, உப்பு தங்குகிறது. ஒரு லிட்டரில் 3 கிராமுக்கு மேல் உப்பு இருந்தாலே அதை உப்பு ஏரி என்று கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். கடல் நீரில் சுமார் 35 கிராம். சாக்கடலில் அது 340 கிராம் அளவுக்குப் போகிறது.

ஆனால் ஆற்று நீரை வற்றவிட்டால் கடல் நீர் கிடைக்காது. ஆற்று நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். நீர் வற்றும்போது இவை இரண்டும் சேர்ந்து முதலில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். கடின நீர் உள்ள ஊர்களில் கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைச் செதில் இதேதான். ஏரியின் தலையெழுத்து இந்த முதல் படிவிலேயே முடிவாகிறது. கால்சியம் மிஞ்சினால் பைகார்பனேட் தீர்ந்துபோகும். அப்புறம் ஜிப்சம் படியும், அதற்குப் பிறகு நம் சமையல் உப்பு. பைகார்பனேட் மிஞ்சினால் கால்சியம் தீர்ந்துபோய், நீர் காரத்தன்மை ஏறி சோடா ஏரியாகிவிடும். 1970இல் ஹார்டி, யூக்ஸ்டர் என்ற இரு புவிவேதியியலாளர்கள் இதை ஒழுங்காக விளக்கினார்கள். ஆறு எந்தப் பாறை மேல் ஓடி வந்தது என்பதுதான், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அந்த ஏரியில் எது வாழும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான்.

கலிபோர்னியாவின் மோனோ ஏரியும் தான்சானியாவின் நேட்ரான் ஏரியும் சோடா ஏரிகள். மோனோவின் பிஎச் 10ஐ ஒட்டி இருக்கிறது. மீன் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உப்பு இறாலும் கார ஈயும் கோடிக்கணக்கில் இருக்கின்றன, வலசைப் பறவைகள் அவற்றைத் தின்றுதான் மேலே பறக்கின்றன. நேட்ரானில் சிறு பூநாரைகள் கூட்டம் கூட்டமாய்க் குஞ்சு பொரிக்கின்றன. மத்திய ஆசியாவில், பெயரில் மட்டும் கடலான ஆரல் கடல் என்ற ஏரியின் கதை வேறு. அதில் முன்பு ஒரு லிட்டருக்கு 10 கிராம் அளவு உப்புதான் இருந்தது. கடல் நீரோடு ஒப்பிட்டால் சல்பேட்டும் கால்சியமும் கூடுதல். அந்த நீரில் மீன்பிடித் தொழிலே நடந்தது. 1960களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஏரி சுருங்க, உப்பு ஏற, 1980களின் தொடக்கத்தில் அந்த மீன்பிடித் தொழில் செத்துப்போனது. 2005இல் வட பகுதியில் கோக்கரால் அணை கட்டி சிர் தாரியா நீரைத் தேக்கிய பிறகு, அங்கே உப்பு குறைந்து மீன் திரும்பி வந்திருக்கிறது. ஆற்று நீரைத் திருப்பிக் கொடுத்தால் ஏரி பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் இறால் ஹேச்சரிகளில் குஞ்சுகளுக்கு முதல் தீனியாகப் போடும் ஆர்டீமியா, அதாவது அந்த உப்பு இறாலின் முட்டை, டின்னில் வருகிறது. உலகச் சந்தையில் அந்த முட்டையின் பெரும் பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரும் உப்பு ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரியில் மீன் வாழ முடியாத அளவு உப்பு, அதனால் ஆர்டீமியாவைத் தின்ன ஆளில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1959இல் ஏரியின் குறுக்கே ரயில் பாதைக்குக் கல்லணை போட்டார்கள். ஆறுகள் வந்து விழுவது தெற்குப் பக்கத்தில். வடக்குப் பக்கம் ஆற்று நீர் சரியாகக் கிடைக்காமல் உப்பு செறிந்து, உப்பு விரும்பும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஆர்டீமியா அங்கே தழைப்பதில்லை. விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் ஆறுகளிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே போனதில், 2022இல் ஏரியின் மட்டம் பதிவான காலத்திலேயே மிகக் கீழே இறங்கியது. தெற்குப் பக்கமும் ஆபத்தான உப்பளவை நெருங்கியது. பாலைவனத்து ஆறு ஒன்றை மறித்தால் அது நிபோங் திபால் குளத்துக் கணக்குப் புத்தகம் வரை வந்து சேரும்.

அந்த இறால் குளத்துக்காரர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடல் நீர் கிடைக்காத இடத்தில் உப்பான கிணற்று நீரை இறைத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 15 வந்ததும் திருப்தியாகிக் குஞ்சை விடுகிறார்கள். கடல் நீரில் பொட்டாசியம் ஒரு பங்கு என்றால் சோடியம் ஏறக்குறைய 27 பங்கு. உப்பான நிலத்தடி நீரில் பொட்டாசியம் பெரும்பாலும் இதைவிட வெகுவாகக் குறைவு, ஏனென்றால் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இறால் தன் உடலின் உப்பைச் சமன் செய்யும் நொதிக்குப் பொட்டாசியம் தேவை. அது இல்லாதபோது உப்பளவு சரியாக இருந்தும் குஞ்சுகள் துவண்டு செத்துப்போகும். நோய் என்று நினைத்து மருந்தை அள்ளிக் கொட்டுவதற்கு முன்னால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் நான்கையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். மருந்துச் செலவோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

உப்பும் நன்னீரும் ஒரே இடத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தெலுக் பகாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போகலாம். காட்டுப் பாதையில் சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தால் பந்தாய் கெராச்சுட் வரும். கடற்கரை மணலுக்குப் பின்னால் ஒரு குளம். மலை ஓடைகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன, கடல் பொங்கும்போது உப்பு நீர் உள்ளே வருகிறது. உப்பு நீர் கனமானது, அடியில் தங்கிவிடும். நன்னீர் மேலே படரும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. வெயில் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போய் அடி நீரைச் சூடாக்கினால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதனால் மேலே குளிர்ச்சி, கீழே வெதுவெதுப்பு. மேலிருந்து ஆக்சிஜனும் இறங்க முடியாது. கடல் நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவு சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் சுவாசிக்க அதைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான், சாக்கடை வாடை அல்ல. வறண்ட மாதங்களில் குளம் வற்றிப்போய்விடும், அப்போது போனால் அடுக்கு எதுவும் பார்க்க முடியாது. நீர் இருக்கும் நாளில் போகிறவர்கள் தயவு செய்து உள்ளே இறங்கிக் கலக்காதீர்கள், கம்பால் சேற்றைக் கிளறாதீர்கள். அடியில் இருக்கும் சல்பைடு மேலே வந்தால் மேல் அடுக்கில் உள்ள மீன்களுக்கு அது நஞ்சு.

இதே அடுக்குதான் நம் குடிநீரிலும் சம்பந்தப்படுகிறது. பினாங்கு மாநிலத்தின் கச்சா நீரில், அதாவது சுத்திகரிக்கும் முன் எடுக்கும் நீரில், சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. வறட்சியில் ஆற்றின் ஓட்டம் குறைந்து, அதோடு பெரிய கடல் ஏற்றமும் சேர்ந்தால், கடல் நீர் ஆற்றின் அடியோடு ஓர் ஆப்பு மாதிரி மேல்நோக்கி நுழைகிறது. மேலே வாளி விட்டு எடுத்தால் நன்னீர். இரண்டு மீட்டர் கீழே உப்பு நீர். ஆற்றில் மாதிரி எடுக்கிறவர்கள் மேலே மட்டும் எடுத்துவிட்டு வந்தால் அந்த அறிக்கையால் பயனில்லை. குடிநீரில் குளோரைடு வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். கடல் நீரில் அது 19,000க்கும் மேல். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் நன்னீரில் 13 மில்லி கடல் நீர் கலந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். படிகாரம் போட்டு, தெளிய வைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்க்கும் நம் சுத்திகரிப்பு நிலையங்களால் கரைந்த உப்பை எடுக்கவே முடியாது. அதனால்தான் மூடா ஆற்றின் குறுக்கே உப்புத் தடுப்பணை நிற்கிறது. அது இல்லாமல் பினாங்கு பிழைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் தடுப்பணை கதவை மட்டும்தான் மூடும், மேலிருந்து நீர் வர வேண்டும். கெடாவின் உலு மூடா காடும் பெரிஸ் அணையும் அந்த நீரைத் தருகின்றன. அந்தக் காட்டில் மரம் வெட்டும் செய்தி வரும்போதெல்லாம் பினாங்குக்காரர்கள் அதை அடுத்த மாநிலத்து விவகாரமாக விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆற்றுக்கு உப்பு எதிரி என்றும் நினைத்துவிடக் கூடாது. உடாங் காலா என்று நாம் விரும்பிச் சாப்பிடும் பெரிய ஆற்று இறால் நன்னீரில்தான் வளர்கிறது. ஆனால் அதன் குஞ்சுகளுக்கு லிட்டருக்கு 12 கிராம் அளவு உப்புள்ள முகத்துவார நீர் வேண்டும், நன்னீரிலேயே இருந்தால் சில நாட்களில் இறந்துவிடும். தாய் இறால் வயிற்றில் முட்டையைச் சுமந்துகொண்டு ஆற்றோடு கீழே இறங்குகிறது, குஞ்சுகள் வளர்ந்ததும் மேலே ஏறுகின்றன. மூடா தடுப்பணைக்கு மேலே தூண்டில் போடும் தம்பிகள், அண்ணன்மார்கள் முட்டையோடு இறால் சிக்கினால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முட்டை ஆரஞ்சாக இருந்தால் புதிது. சாம்பல் நிறமாகிவிட்டால் பொரிக்க ஓரிரு நாட்களே இருக்கின்றன. இரண்டு வகையையும் விட்டுவிடுங்கள். சாம்பல் முட்டையை, முடிந்தால், அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள்.