ஒழுகாத கூரையும் உடைந்திருக்கலாம்

டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு ஆலங்கட்டி மழை என்பது ஊரில் எப்போதோ ஒருமுறை பார்த்த வேடிக்கை. அங்கே அது ஒவ்வொரு வசந்தத்திலும் கூரைகளைப் பதம் பார்க்கும் ஆபத்து. மழை விட்டதும் சீலிங்கை அண்ணாந்து பார்த்து, ஈரம் இல்லையென்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஷிங்கிள், அதாவது ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி அடித்த மெல்லிய தகடுகள் வேய்ந்த கூரையில் அந்த நிம்மதியை நம்பக்கூடாது.

ஆஸ்பால்ட் ஷிங்கிளின் நடுவில் இருப்பது மெல்லிய கண்ணாடியிழைப் பாய். அதன் இருபுறமும் தார்ப்பூச்சு. மேலே சாயம் ஏற்றிய கல் குருணை. அந்தக் குருணை அழகுக்காக மட்டும் ஒட்டப்பட்டதல்ல, வெயிலின் புற ஊதாக் கதிர் தாரில் படாமல் காப்பதும் அதுதான். ஆலங்கட்டி விழும் இடத்தில் குருணை உதிர்ந்து, அடியிலுள்ள பாய் நூலளவு கிழிகிறது. அன்றைக்குத் தண்ணீர் இறங்காது. ஆனால் திறந்து கிடக்கும் தார் வெயிலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். கிழிசல் மெல்ல அகலும். ஒழுகல் தெரிய மாதங்களோ வருடங்களோ ஆகலாம். அதற்குள் காப்பீட்டில் புகார் தரும் கெடு முடிந்துபோயிருக்கும்.

கல்லின் அளவுதான் இதில் முக்கியம். விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடுவதால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய 16 மடங்காகிறது. 1 அங்குலக் கல் 8 கிராம்கூட இருக்காது. 2 அங்குலக் கல் 60 கிராமைத் தொடும். தெற்கு டகோட்டாவின் விவியன் ஊரில் 2010 ஜூலை 23 அன்று விழுந்த 8 அங்குலக் கல்தான் அமெரிக்காவில் பதிவானவற்றில் பெரியது, எடை சுமார் 880 கிராம். கூரையைக் கெடுக்க அவ்வளவு பெரிய கல் தேவையில்லை. சாதாரண ஷிங்கிளுக்கு 1 அங்குலம், கனமான இரட்டை அடுக்கு வகைக்கு 1¼ அங்குலம் போதும். பழைய ஷிங்கிளைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை அடித்த கூரை இன்னும் பலவீனம், ஏனென்றால் கல் விழும்போது அடியில் கெட்டியான பிடிமானம் இல்லை. கூரை முகட்டில் மடித்து ஒட்டிய ஷிங்கிள்கள் முதலில் அடிபடுவதும் இதே காரணத்தால்தான்.

புயல் ஓய்ந்ததும் கூரையில் ஏறாதீர்கள். ஈர ஷிங்கிள் வழுக்கும். முதல் வேலையாக ஒரு கல்லை எடுத்து, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அடுத்து மெல்லிய உலோகங்களைப் பாருங்கள்: மழைநீர்க் குழாய், ஏசியின் வெளி யூனிட்டிலுள்ள அலுமினியத் தகடுகள், தபால் பெட்டி. எந்தத் திசையைப் பார்த்த பக்கம் நசுங்கியிருக்கிறதோ அந்தச் சரிவில்தான் அடி அதிகம். மரவேலியில் வெளுத்த புள்ளிகள் தெரிந்தால் அவையும் சாட்சி. எல்லாவற்றையும் தேதியுடன் படம் எடுங்கள். ஏசித் தகடுகள் மடிந்து காற்றோட்டம் அடைபட்டிருந்தால், அதற்கென உள்ள சீப்பால் நிமிர்த்திவிடலாம். ஆனால் சேதத்தைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்த்த பிறகு.

மதிப்பீட்டாளர் மேலே ஏறி, ஒவ்வொரு சரிவிலும் 10 அடிக்கு 10 அடி சதுரத்தைச் சாக்பீஸால் வரைந்து, உள்ளே எத்தனை இடத்தில் கல் பட்டிருக்கிறது என்று எண்ணுவார். குருணை உதிர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். அடிபட்ட பழம்போல மெத்தென்று உள்வாங்கினால் பாய் கிழிந்திருக்கிறது. செங்குத்தான ஓரத்துடன் சின்னக் குழியாக இருந்து, அடியில் கெட்டியாக இருந்தால் அது தார்க் கொப்புளம் வெடித்த தடம், ஆலங்கட்டி காரணமல்ல. ஆலங்கட்டி அடி ஒழுங்கில்லாமல், பல அளவுகளில் சிதறியிருக்கும். ஒரே அளவில் வரிசையாகத் தடங்கள் இருந்து, பக்கத்து உலோகத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லையென்றால் யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது.

பணக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஆலங்கட்டிக்கான டிடக்டபிள், அதாவது இழப்பில் முதலில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு, பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4,00,000 டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். கூரைக்கு 14,000 டாலர் செலவானால் நிறுவனம் தருவது 6,000 மட்டுமே. அதிலும் கூரையின் வயதுக்குத் தேய்மானம் கழிக்கும் பாலிசியாக இருந்தால் இன்னும் குறையும். அந்த வரியைப் புயலுக்கு முன்பே தேடிப் படித்துவிடுங்கள்.

“டிடக்டபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கதவைத் தட்டும் ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் அது சட்டவிரோதம். அங்கே கூரை வேலைக்கு மாநில உரிமமே கிடையாது என்பதால், ஆளை விசாரிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

புதுக் கூரை போடுவதானால் ‘கிளாஸ் 4’ ஷிங்கிள் கேளுங்கள். 2 அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் பின்பக்கம் விரிசல் விடாதவை இவை. சோதிப்பது புதுச்சரக்கை; வெயிலில் பத்து வருடம் காய்ந்தது அதே அளவு தாங்காது. இருந்தாலும் பணத்துக்கு ஏற்ற பொருள்தான், பல நிறுவனங்கள் பிரீமியத்திலும் தள்ளுபடி தருகின்றன. தள்ளுபடிக்குப் பதிலாக, தோற்றத்தை மட்டும் பாதிக்கும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையைச் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள். உலோகக் கூரை வைத்திருப்பவர்களுக்கு அந்த நிபந்தனை பெரிய இழப்பு, ஏனென்றால் அதில் விழும் நசுங்கல்கள் பெரும்பாலும் அந்த வகையிலேயே அடங்கிவிடும்.