தணிக்கைன்னா தணிக்கிறது இல்லயாம்

செய்திய சென்சார் பண்றதுக்கு நாம சொல்ற தணிக்கைங்கிறது, ரொம்ப நாளா 'தணி'யிலேர்ந்து வந்ததுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், சூடு தணியுது தாகம் தணியுதுன்னு சொல்றோம்ல, அதுமாதிரி செய்தியோட சூட்டைக் கொறைக்கிறதுபோலன்னு. அது இல்ல. அரபியில 'தன்கீஹ்'னா அலசிப் பாத்து சரிபண்றது, உருது வழியா இங்க வந்துருக்கு, தெலுங்குல இன்னமும் 'தனிகீ'ங்கிறாங்க. நம்மகிட்ட அது கணக்கு பாக்குற சொல்லு. மன்னார்குடி பக்கம் கூட்டுறவு சொசைட்டியில தணிக்கைன்னா உரமூட்டைய எண்ண ஆள் வந்துருக்குன்னுதான் அர்த்தம்.

வேடிக்கை என்னன்னா சென்சாரும் கணக்குப்புள்ளதான்! பழைய ரோம்ல அது ஒரு பதவி, ஜனங்களோட தலையையும் சொத்தையும் எண்ணுறது வேலை (சென்சஸும் அதே வேருதான்), கூடவே யாரு ஒழுங்கா நடக்குறான்னு பாக்குறதும் அவருகிட்டயே இருந்துச்சு.

எங்க தெருவுல ஒரு பெரியவர், நாப்பது வருஷம் தாலுகா நிருபரா இருந்தவர். 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்தப்புறம் இவரு 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை'ன்னு எழுதி, பேப்பர் ஆபீசுக்கு பஸ்ல குடுத்துவிடுற கவர்ல போட்டு அனுப்ப, பேப்பர்ல 'கடைமடைக்குத் தண்ணீர்'னு மட்டும் வந்துச்சாம். கொஞ்சம் மசாலா இருக்கலாம், ஆனா மனுஷன் இத சொல்றப்ப இன்னமும் ரெண்டு வெரல கத்திரிமாதிரி ஆட்டுவாரு. திருவாரூர்ல 1942ல தொடங்குன தி.மு.க. பத்திரிகை முரசொலி பண்ணதுதான் அவருக்கு ரொம்பப் புடிச்சது, விசாரணையில்லாம பிடிச்சுவைக்கிற மிசா சட்டத்துல ஜெயிலுக்குள்ள போனவங்க பேரப் போடக்கூடாதுன்னதும் 1976 அண்ணா நினைவு நாளன்னிக்கு சமாதிக்கு வர இயலாதவங்க பட்டியல்னு போட்டு அத்தன பேரையும் அச்சடிச்சுட்டாங்க.

சரி, நல்ல தமிழ்ல என்ன சொல்றது? கணக்குக்கு இலங்கைத் தமிழர் சொல்ற கணக்காய்வு அருமையான சொல்லு, நாமளும் எடுத்துக்கலாம். எழுத்தை வெட்டுறதுக்கு என் ஓட்டு வாய்ப்பூட்டுக்குத்தான். திருவையாறு ஜி.சுப்பிரமணிய ஐயர் கூட்டாளிகளோட இந்து பேப்பர் ஆரம்பிச்ச அதே 1878லதான் வைஸ்ராய் லிட்டன் துரை தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு ஒரு சட்டம் போட்டாரு, அதத் தமிழ்ல வாய்ப்பூட்டுச் சட்டம்னே எழுதுறாங்க. வாய்ப்பூட்டுன்னா என்னன்னு டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், போரடிக்கிற மாடு தான் மிதிக்கிற நெல்லுலயே வாய வச்சிடாம மூஞ்சியில கட்டுற கூடை.

பெரியவர் மட்டும் சென்சார்ங்கிறத விட மாட்டேங்கிறாரு. தணிக்கைன்னா அவருக்கு சொசைட்டி ஞாபகம்தான் வருதாம்.