எல்லைக்கல்லும் சேர்ந்துதான் நகருது

போன மாசம் அக்கான்ர காணி அளக்க சேவையர் வந்தவர். ஓமந்தைப் பக்கம், கனகாலம் காடு பத்திக் கிடந்த காணி, எல்லைக்கல்லு ரெண்டைக் காணேல்ல, அதால திரும்ப அளந்து புதுக் கல்லுப் போடவேண்டி வந்திட்டுது. மருமோன் ஏ.எல் படிக்கிறவன், சேவையருக்குத் தடி பிடிச்சுக்கொண்டு விடியத் தொடக்கம் வெய்யிலுக்க நிண்டவன், பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க கேக்கிறான், "மாமா, இலங்கை வருசா வருசம் நகருது எண்டு புத்தகத்தில கிடக்கு, அப்ப இண்டைக்கு ஜீபிஎஸ்ஸில எடுத்த கணக்கு பத்து வருசத்தால பிழைக்காதோ?"

எனக்குப் புழுகம் தாங்கேல்ல. பிழைக்கும் தான். நாங்கள் இருக்கிற பிளேட், அதாவது பூமியின்ர மேல் தோட்டில ஒரு பெரிய தகடு, வடகிழக்குப் பக்கமா வருசத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் போகுது, பத்து வருசத்தில அரை மீற்றர். ஆனா கல்லும் நகருது, பக்கத்து வீட்டு வேலியும் நகருது, பனையும் கிணறும் ஏ9 ரோட்டும் எல்லாம் ஒண்டாத்தான் போகுது, அதால காணின்ர நீளம் அகலத்தில ஒரு மாற்றமும் வராது. நகராதது மேல சுத்துற சற்றலைட்டை வச்சு எடுத்த அந்த எண் தான், அது ஒருக்காப் பேப்பரில எழுதினால் எழுதினபடி நிக்கும். அவுஸ்திரேலியாக்காரருக்கு உண்மையாவே இந்தப் பிரச்சினை வந்தது, அவையின்ர கண்டம் இன்னும் வேகம், வருசத்துக்கு 7 சென்ரிமீற்றர், 1994இல நிலையா வச்ச அளவும் 2020க்கான அளவும் ஏறத்தாழ 1.8 மீற்றர் விலகிப் போச்சு, அதால நாடு முழுக்கப் புதுக் கணக்குக்கு மாத்தினவை. முழுக் கண்டத்தின்ர வரைபடத்தையும் ஒருக்கா நகர்த்தி வைக்கவேண்டி வந்தது எண்டு நினைச்சுப் பாருங்கோ.

சரி, நகருது. ஏன் நகருது, ஆர் இழுக்கினம்?

மேலோட்டமான கதை எல்லாருக்கும் தெரியும், அதில கனக்க நிக்கேல்ல. பூமியின்ர மேல் தோடு பத்துப் பன்னிரண்டு பெரிய துண்டாவும் கன சின்னத் துண்டாவும் உடைஞ்சு கிடக்கு, கடலுக்கு நடுவில மலைத்தொடர் வழிய புதுத் தரை பிறக்குது, ஓரத்தில ஆழக்கிடங்கு வழிய பழசு கீழ போகுது, 1912இல அல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகருது எண்டு சொல்லேக்க ஆக்கள் நம்பேல்ல, நம்பாததுக்கு முக்கிய காரணம் அவரால இவ்வளவு பெரிய பாறையை நகர்த்திற விசை எது எண்டு காட்ட ஏலாமல் போனது. பிறகு கடலுக்கடியில அளந்து பாத்து, 60களில எல்லாரும் ஒத்துக்கொண்டினம். பள்ளிக்கூடப் புத்தகத்தில ஒரு படம் இருக்கும், அடியில நெருப்பு, மேல கிடாரத்தில கஞ்சி கொதிச்சு மேல வந்து ரெண்டு பக்கமும் விலகிப் போகுது, அந்தக் கஞ்சியில மிதக்கிற ஆடை மாதிரி கண்டங்கள். நானும் அந்தப் படத்தைத்தான் படிச்சன், கனகாலமா அதைத்தான் பெடியளுக்கும் சொல்லிக் குடுத்தன். அந்தப் படத்தில ரெண்டு பிழை இருக்கு.

ஒண்டு, அடியில கிடக்கிறது கஞ்சி இல்ல. மேன்டில் எண்டிறது, தோட்டுக்குக் கீழ இருக்கிற படை, கட்டியான பாறை, பூகம்ப அலையில ஒரு வகை திரவத்துக்குள்ளால போகாது, அது மேன்டிலுக்குள்ளால வடிவாப் போகுது. கொல்லன் உலையில காய்ச்சின இரும்பைப் பாத்திருப்பியள், உருகேல்ல, கட்டிதான், ஆனா அடிச்சால் வளையும். 1300 பாகை அளவு சூட்டில கோடிக்கணக்கான வருசமா அழுத்துப்பட்டால் பாறையும் அப்பிடித்தான் மெல்ல மெல்ல ஓடும்.

ரெண்டாவது பிழை தான் பெரிசு, எனக்கு மிகவும் விருப்பமான விசயமும் அதுதான். பிளேட்டை கீழ இருந்து சூடு தள்ளுறதை விட, அதின்ர சொந்தப் பாரமே அதை இழுத்துக்கொண்டு போறது தான் கூட.

கொடியில ஈரச் சாரம் போட்டிருக்கிறியள் எண்டு வையுங்கோ, நைலோன் கயிறு, வழுக்கும். ரெண்டு பக்கமும் சமனாத் தொங்கினால் அசையாது. ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாத் தொங்கி, தண்ணியும் அந்தப் பக்கம் வடிஞ்சு பாரம் கூடினால், மெல்ல வழுக்கத் தொடங்கும், வழுக்க வழுக்க அந்தப் பக்கம் இன்னும் நீளும், நீள நீள இன்னும் இழுக்கும், கடைசியா முழுச் சாரமும் நிலத்தில. ஆரும் தள்ளேல்ல. கடல்தரை ஆழக்கிடங்குக்குள்ள இறங்கிறதும் இப்பிடித்தான், இறங்கின துண்டு மேல கிடக்கிற ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தகட்டைப் பின்னால இழுக்குது.

ஏன் கடல்தரை பாரமாகுது எண்டால், முதல் காரணம் குளிர். நடுக்கடல் மலைத்தொடரில பிறக்கேக்க அது சூடு, சூடான பொருள் உப்பிக் கொஞ்சம் இலேசா இருக்கும், அதால அந்த இடத்தில கடலின்ர ஆழம் ஏறத்தாழ 2,500 மீற்றர் தான். விலகிப் போகப் போக குளிருது, சுருங்குது, தடிக்குது, 10 கோடி வருசம் கழிச்சு அதே தரை 5,500 மீற்றருக்கும் கீழ பதிஞ்சு கிடக்கும். அந்த வயசில அது அடியில கிடக்கிற சூடான மேன்டிலை விடப் பாரம். ஒரு ஓரம் வளைஞ்சு உள்ள போகச் சந்தர்ப்பம் கிடைச்சால் போதும்.

ரெண்டாவது காரணத்துக்கு எங்கட ஊர்க் கல்லைக் கையில எடுக்கவேணும்.

அக்கான்ர காணியில கிணறு இறக்கேக்க வெடி வச்சு உடைச்ச கல்லு ஒரு குவியலாக் கிடக்கு. அதில வடிவாப் பாத்தால் சில கல்லில மாதுளம் முத்து மாதிரி சிவப்புப் பொட்டு இருக்கும். அது கார்னட் எண்ட கனியம். நானும் மருமோனும் அண்டைக்கு மீன் நிறுக்கிற தூக்குத் தராசு ஒண்டை இரவல் வாங்கி, பொட்டில்லாத வெள்ளைச் சாம்பல் கல்லு ஒண்டைக் கயிறு கட்டி நிறுத்தம், 1080 கிராம். அப்பிடியே தண்ணி வாளிக்குள்ள முழுக்க அமிழ விட்டு நிறுத்தம், 690. குறைஞ்ச 390 அந்தக் கல்லு விலக்கின தண்ணியின்ர பாரம், அப்ப 1080ஐ 390ஆல பிரிச்சால் 2.77, எண்டால் தண்ணியை விட 2.77 மடங்கு பாரம். பிறகு சிவப்புப் பொட்டு அள்ளிப் போட்ட மாதிரி இருந்த கறுப்புக் கல்லு, வெளியில 960, தண்ணிக்குள்ள 645, கணக்குப் போட்டால் 3.05. மருமோன் கல்லை மூண்டு தரம் நிறுத்துப் பாத்தவன். பாக்க முதல் கல்லை விடச் சின்னன், ஆனா கையில தூக்கினாலே வித்தியாசம் விளங்கும்.

கார்னட் ஏன் இவ்வளவு பாரம் எண்டால் அதுக்குள்ள அணு நெருக்கி அடுக்கியிருக்கு. சாக்கில நெல்லைக் கொட்டிப்போட்டு சாக்கைத் தூக்கி நிலத்தில ரெண்டு குத்துக் குத்தினால் நெல்லு இறங்கி இன்னொரு மரைக்கால் போடலாம் பாருங்கோ, அதுமாதிரி. சாதாரண கல்லில இருக்கிற பெல்ட்ஸ்பார் எண்ட கனியத்தில ஒரு அலுமினிய அணுவைச் சுத்தி நாலு ஒட்சிசன், இடம் தாராளம். ஆழத்தில அழுத்தம் கூடினால் அந்தக் கட்டமைப்பு நிண்டு பிடிக்காது, அணுக்கள் வேற மாதிரி அடுக்குப்படும், கார்னட்டில அதே அலுமினியத்தைச் சுத்தி ஆறு ஒட்சிசன் நெருக்கி நிக்கும். அணு கூடேல்ல, இடம் தான் குறைஞ்சது.

இப்ப கடல்தரைக்கு வாறன். கடல்தரையின்ர மேற்பக்கம் பசோல்ற் எண்ட எரிமலைக் கல்லு, அடர்த்தி ஏறத்தாழ 3. அது ஆழக்கிடங்கால இறங்கி 50, 100 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போகேக்க கார்னட் நிறைஞ்ச எக்ளோகைற் எண்ட பாறையா மாறுது, சிவப்பும் பச்சையுமா சரியான வடிவான கல்லு, அடர்த்தி 3.5 அளவு. சுத்தியிருக்கிற மேன்டில் 3.3 தான். அப்ப விளங்குதே, இறங்கிறதாலேயே அது இன்னும் பாரமாகுது, பாரமாகிறதால இன்னும் இறங்குது. குளிர் தொடக்கி வைக்க, கார்னட் கூடச் சேர்ந்து இழுக்குது. இதை முதல் தரம் வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்ல, மலை மாதிரி ஒரு தரை, தனக்குள்ள அணுக்கள் நெருங்கி உக்காருறதால ஒரு முழுச் சமுத்திரத்தையே இழுக்குது எண்டால் பாருங்கோவன்.

கண்டம் ஏன் இப்பிடி அமிழேல்ல எண்டும் கேப்பியள். விதைநெல்லு ஊறப்போடேக்க பதர் மிதக்கும், மணி தாழும், எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. கண்டப் பாறை 2.7, அது பதர். அமிழாது, அதால அழியாது. கண்டத்தில 400 கோடி வருசப் பாறை கிடக்கு, பெருங்கடல் தரையில 20 கோடிக்கு மேற்பட்டது அநேகமா இல்ல, அவ்வளவும் உள்ள போயிட்டுது. எங்கட பாறைக்கு புவிச்சரிதவியல்காரர் வச்சிருக்கிற பேரே வன்னித் தொகுதி தான், உலகத்தில எங்க இலங்கைப் பாறையைப் பற்றி எழுதினாலும் அந்தப் பேர் வரும். ஏறத்தாழ 55 கோடி வருசத்துக்கு முன்னம் கொண்டுவானா எண்ட பெருங்கண்டம் ஒட்டேக்க, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா மூண்டுக்கும் இடையில நெரிபட்டு 20 கிலோமீற்றருக்கும் கீழ அமுங்கினது இந்தக் கல்லு, அந்தச் சிவப்புப் பொட்டு அண்டைக்கு வந்த தழும்பு. பிறகு மேல இருந்த பாறை முழுக்க மழையில கரைஞ்சு போக, ஆழத்தில கிடந்தது இப்ப எங்கட கிணத்தடியில.

இழுவைதான் முக்கியம் எண்டதுக்கு ஆதாரம் கேட்டால், 1975இல டொனால்ட் ஃபோர்சைத்தும் செய்யா உயேடாவும் ஒரு லேசான வேலை செய்தவை, எல்லாப் பிளேட்டின்ர வேகத்தையும் வரிசையா வச்சுப் பாத்தவை. பெரிசோ சின்னனோ எண்டதில ஒண்டும் இல்ல. ஓரத்தில கனதூரத்துக்கு உள்ள இறங்கிற பிளேட், பசிபிக் மாதிரி, வருசத்துக்கு 7, 10 சென்ரிமீற்றர் எண்டு ஓடுது, ஆபிரிக்கா மாதிரி இறங்கிற ஓரம் குறைவான பிளேட் 2 சென்ரிமீற்றரில ஊருது. சாரம் எவ்வளவு தொங்குதோ அவ்வளவு இழுவை. நடுக்கடல் மலை உயரமா இருக்கிறதால அங்கயிருந்து ஒரு சரிவுத் தள்ளலும் இருக்கு, அது ரெண்டாம் பட்சம்.

எங்களுக்கு ஆகக் கிட்ட இப்பிடி இறங்கிற இடம் சுமாத்திராவுக்குப் பக்கத்தில. அதைச் சொல்லேக்க 2004 மார்கழி 26ஐச் சொல்லாமல் விட ஏலாது. இறங்கிற தகடும் மேல இருக்கிற தகடும் ஒட்டிப் பிடிச்சு நிக்கும், கீழ போறது மேலதின்ர விளிம்பையும் சேர்த்து வளைச்சுக்கொண்டு போகும், தாங்க ஏலாத கட்டத்தில விளிம்பு விடுபட்டு மேல துள்ளும். அண்டைக்கு 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு விடுபட்டது, பூகம்ப அளவு 9.1. எங்கட நேரம் காலமை 7 மணிக்குக் கிட்ட. முல்லைத்தீவுக் கரைக்குத் தண்ணி வர ரெண்டு மணித்தியாலம் அளவு எடுத்தது. ரெண்டு மணித்தியாலம், பாருங்கோ. பசிபிக்கில 1949 தொடக்கம் சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு அப்ப இல்ல, 2011இல தான் ஒழுங்கா இயங்கத் தொடங்கினது. கடலுக்கடிப் பாறையைப் படிச்சு என்ன பிரயோசனம், அதுக்கு ஏன் காசு எண்டு ஆராவது கேட்டால் எனக்கு அந்த ரெண்டு மணித்தியாலம் தான் ஞாபகம் வரும். எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில ஒரு பாறை மாதிரிப் பெட்டி கூட இல்லாமல் பிள்ளையள் படத்தில தான் கார்னட் பாக்கினம், வாசலில கல்லுக் குவியல் கிடக்க.

கடல் கோவிச்சுக்கொண்டு வந்தது, ஆக்கள் செய்த பாவம் எண்டு சொல்லுறவை இப்பவும் இருக்கினம். நானும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போற ஆள் தான், ஆனா பிள்ளையைக் கடலுக்குக் குடுத்த தாயிட்டப் போய் உது பாவத்தின்ர பலன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, அது உண்மையும் இல்ல. அந்தத் தகடு மனிசர் பிறக்க முதலே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மார்கழியும் போனில சுத்துற "இந்தத் திகதி திரும்ப வருது" எண்ட செய்தியையும் நம்பாதேங்கோ, திகதி நேரம் சொல்லிப் பூகம்பத்தை முன்கூட்டி அறிய இண்டைவரைக்கும் ஒரு வழியும் இல்ல. 2012 சித்திரை 11, 8.6 அளவில பூகம்பம் அடிக்க கரையோர ஆக்கள் ஓடினது சரியான வேலை, அண்டைக்குப் பெரிய அலை வராததுக்குக் காரணம் தரை பக்கவாட்டில வழுக்கினது, மேல துள்ளேல்ல. ஆனா அது தெரியவர முதல் ஓடத்தான் வேணும்.

மருமோன் கடைசியா ஒண்டு கேட்டான். இந்தியா ஆசியாவோட போய் முட்டி 5 கோடி வருசம் ஆகுதே, பிறகும் என்னத்துக்குப் போகுது எண்டு. முட்ட முதல் இந்தியாவுக்கு முன்னால டெதிஸ் எண்டொரு கடல் இருந்தது, அதின்ர தரை ஆசியாவுக்குக் கீழ இறங்கி எங்களை வருசத்துக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல கூட இழுத்திருக்கு. அந்தக் கடல் இப்ப இல்ல, ஆனா அதின்ர தரை அழியேல்ல, பூகம்ப அலையை வச்சுப் படம் எடுத்துப் பாத்தால் இந்தியாவுக்குக் கீழ 1,000 கிலோமீற்றருக்கும் ஆழத்தில குளிரான பாறையாக் கிடக்கு. எங்களை இழுத்துக்கொண்டு வந்த அதுக்கு மேலாலேயே நாங்கள் வந்து சேர்ந்திட்டம். மிச்ச ஓட்டம் சுமாத்திராப் பக்க இழுவையாலயோ, கீழ மேன்டில் ஓடுறதாலயோ எண்டு ஆராய்ச்சிக்காரர் இப்பவும் பிடுங்குப்படுகினம்.

சேவையர் போட்ட புதுக்கல்லு ரெண்டும் இறுகிட்டுது. அக்கா வச்சிருக்கிற பிளானின்ர பின்பக்கத்தில மருமோன் பென்சிலால ஜீபிஎஸ் எண்ணை எழுதி, அதுக்குக் கீழ அளந்த திகதியையும் எழுதி வச்சிருக்கிறான்.