ஜேர்மனியில் படிப்பு இலவசம்தான், ஆனால் செமஸ்டர் காசு உண்டு

ஏ.எல். முடித்த பிள்ளைகளும் இங்கே டிகிரி எடுத்தவர்களும் இருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது ஜேர்மனிப் பேச்சு அதிகம். அங்கே இருக்கும் மாமாவோ சித்தியோ "படிப்புக்குக் காசில்லை" என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. மாநிலங்கள் கல்விக் கட்டணத்தை ஒவ்வொன்றாக நீக்கின. கடைசியாக நீக்கியது நீடர்சாக்சன், 2014இல்.

ஆனால் எல்லா மாணவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'செமெஸ்டர்பைட்ராக்' என்ற தொகையைக் கட்டவேண்டும். இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 100 முதல் 400 யூரோ வரை வரும். அதில் ஒரு பங்கு மாணவர் உணவகங்களையும் விடுதிகளையும் நடத்தும் அமைப்புக்கு. பல மாநிலங்களில் மாணவர் பேரவைக்கும் நிர்வாகச் செலவுக்கும் சிறு தொகை சேரும். பயணச் சீட்டும் சேர்ந்திருந்தால் பெரிய பங்கு பெரும்பாலும் அதற்குத்தான். பல பல்கலைக்கழகங்கள் நாடு முழுவதும் செல்லும் டொய்ச்லண்ட் டிக்கெட்டை வழமையான விலையின் 60 சதவீதத்துக்குக் கொடுக்கின்றன. நகர பஸ், டிராம், பிராந்திய ரயில் எல்லாம் அதில் அடக்கம். அதிவேக ரயிலுக்குச் செல்லாது. 'நான் நடந்தே போவேன், அந்தக் காசைக் கழியுங்கள்' என்று பொதுவாகக் கேட்க முடியாது. எல்லாரும் கட்டுவதால்தான் அந்த விலைக்குக் கிடைக்கிறது. என் கணக்கில், நகரத்தில் படிப்பவருக்கு இது நட்டமே இல்லை.

விதிவிலக்குகளையும் கவனியுங்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017/18 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் எடுக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25இலிருந்து, படிப்பைப் பொறுத்து, அவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை எடுக்கிறது. இலங்கைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நீங்கள் தெரிவு செய்யும் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில், அது கட்டணம் எடுக்கிறதா என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

விசாவுக்குக் காட்டும் புளொக் அக்கவுண்ட் (மாதாமாதம் குறித்த தொகையை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காசு வேறு விஷயம். 2024 செப்டெம்பரிலிருந்து அது வருடத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும் சாப்பாட்டு, வாடகைக் காசு அது. செமஸ்டர் தொகையையும் அதற்குள்ளிருந்து கட்டினால் அந்த மாதம் இறுகிவிடும். அதனால் முதல் தவணையையாவது தனியாக எடுத்து வையுங்கள்.

தொகையைப் பல்கலைக்கழகம் தரும் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்சி தன் கணக்குக்குக் கேட்டால், பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஒவ்வொரு செமஸ்டரும் குறித்த திகதிக்குள் கட்டினால்தான் பதிவு தொடரும். கட்டாமல் விட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். படிப்பதற்கான வதிவிட அனுமதியும் அந்தப் பதிவை நம்பியே இருக்கிறது.