அலையோட உயரத்த மட்டும் பாக்காதீங்க, வினாடியையும் பாருங்க

மதுரைலருந்து கடல் பாக்கப் போறோம்னா ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, இதுல ஒண்ணாத்தான் இருக்கும். மழை வருமான்னு போன்ல ஒரு பார்வ பாத்துட்டு கெளம்பிருவோம். கடல்ல ஆபத்து மழையோடதான் வரும்னு இல்ல. 2024 மே 6ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவர்கள் அலைல சிக்கி இறந்து போனாங்க, அந்த சமயத்துல அந்தக் கடற்கரைக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது இங்க காத்து மழை இல்லாமயே தூரத்துப் புயலால பெரிய அலை வரும்ங்கிற எச்சரிக்கை, ஏற்கனவே குடுத்திருந்தாங்க. அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. டிவில கீழ ஓடுற அந்த அலை உயர நம்பர எப்படிப் படிக்கணும்னு நம்ம ஊரு ஆளுங்கள்ல பல பேருக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்ல.

முதல்ல அந்த நம்பர் எங்கருந்து வருதுன்னு பாப்போம். கடலுக்குள்ள மஞ்சக் கலர்ல ஒரு உருண்டை மிதக்கும், குறுக்களவு 70 இல்லன்னா 90 சென்டிமீட்டர், வேவ்ரைடர் மிதவைன்னு பேரு. ஹைதராபாத்துல இருக்குற மத்திய அரசு நிறுவனம் இன்காய்ஸ், 1999ல ஆரம்பிச்சது, அவங்கதான் இந்தியக் கடற்கரை பூரா இத மிதக்க விட்டுருக்காங்க, நம்ம பக்கத்துக்கு தூத்துக்குடில ஒண்ணு. கடலடில வெயிட்டு, அதுலருந்து கயிறு, கயிறோட சேத்து நல்லா இழுபடுற ரப்பர். இந்த ரப்பர் ரொம்ப முக்கியம், அது இல்லன்னா பெரிய அலை வர்றப்ப கயிறு மிதவைய கீழ இழுத்துப் பிடிச்சுக்கும், உச்சி வரைக்கும் ஏறவே விடாது, கணக்கு தப்பாயிரும்.

உருண்டைக்குள்ள இருக்குறது ஆக்சிலரோமீட்டர், போன சாய்ச்சா ஸ்க்ரீன் திரும்புதுல்ல, அதுக்குக் காரணமான அதே வகை சென்சார்தான், இது இன்னும் துல்லியம். இது உயரத்த நேரடியா அளக்காது, மேல கீழ போறப்ப வேகம் எப்படி மாறுதுன்னு மட்டும்தான் அளக்கும். அந்த மாற்றத்த ஒரு தடவ கூட்டிக்கிட்டே வந்தா வேகம் கெடைக்கும், அந்த வேகத்த இன்னொரு தடவ கூட்டுனா எவ்வளவு ஏறுச்சு எறங்குச்சுன்னு வந்துரும். சிக்கல் என்னன்னா ரெண்டு தடவ கூட்டும்போது துளியூண்டு பிழை கூட பெருசா வளந்து நிக்கும், அதனால அரை நிமிஷத்துக்கு மேல எடுத்துக்குற மெதுவான அசைவையெல்லாம் கணக்குலருந்தே வெட்டி விட்டுருவாங்க. சுனாமி அலை ஒரு தடவ ஏறி எறங்க பத்து நிமிஷத்துக்கு மேல கூட ஆகும், ஆக இந்த மிதவைக்கு சுனாமி தெரியாது. அதுக்கு கடல் தரைல பிரஷர் சென்சார் வைக்கணும், 2004க்கு அப்புறம் அதுக்குன்னு தனி ஏற்பாடே பண்ணி 2007லருந்து சுனாமி எச்சரிக்கை மையமும் இன்காய்ஸ்லதான் ஓடுது.

அரை மணி நேர அளவு சேந்ததும் மிதவை ஒரு தொகுப்பா கரைக்கு அனுப்பும். அதுல வர்ற "அலை உயரம் 1.5 மீட்டர்"ங்கிறது எல்லா அலையோட சராசரி கெடையாது. வந்த அலைங்கள உயரப்படி வரிசைப்படுத்தி, மேல இருக்குற மூணுல ஒரு பங்க மட்டும் எடுத்து அதுக்கு சராசரி போடுவாங்க. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல ஸ்வெர்ட்ரப், மங்க்னு ரெண்டு கடல் விஞ்ஞானிங்க, படைகள எந்த நாள்ல கரை எறக்கலாம்னு கணிக்கிறதுக்காகக் கொண்டு வந்த முறை இது, அனுபவப்பட்ட மாலுமி கண்ணால பாத்துச் சொல்ற உயரத்துக்குப் பக்கத்துல வருது. ஆனா 1.5னு போட்டுருந்தா அதே அரை மணி நேரத்துல தனியா ஒரு அலை கிட்டத்தட்ட 3 மீட்டருக்கு வரலாம், இத யாரும் சொல்றதில்ல.

இனிமேதான் முக்கியமான சங்கதி. கடல்ல ஒரே நேரத்துல பல அலை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், பக்கத்துக் காத்து கெளப்புன குட்டை அலை, எங்கயோ தூரத்துப் புயல் அனுப்புன நீள அலை எல்லாம் கலந்துதான் மிதவைய ஆட்டுது. சித்திரைத் திருவிழாவுல மாசி வீதில நிக்கிறப்ப கூட்டத்து இரைச்சல் தவில் நாதஸ்வரம் எல்லாம் ஒண்ணாத்தான் காதுல விழுகுது, ஆனாலும் தவில் தனியா தெரியுதுல்ல, அதே மாதிரி கம்ப்யூட்டர் இந்த ஆட்டத்தப் பிரிச்சு 6 வினாடி அலை எவ்வளவு, 18 வினாடி அலை எவ்வளவுன்னு தனித்தனியா எடுத்துரும். வினாடின்னா ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவுல ஆகுற நேரம். ஆழ்கடல்ல 6 வினாடி அலையோட நீளம் 56 மீட்டர், 18 வினாடி அலைக்கு சுமார் 505 மீட்டர். வினாடி மூணு மடங்கு, நீளம் ஒம்போது மடங்கு! ரெண்டும் கடல்ல ஒரே உயரமா இருந்தாலும் நீளமானது கரைக்கு வர்றப்ப வேகம் கொறைஞ்சு எந்திரிச்சு நிக்கும், தண்ணி ரொம்ப தூரம் உள்ள ஏறும், திரும்பறப்ப ஆளையும் இழுக்கும்.

கள்ளக்கடல்ங்கிறது இதுதான். தெற்கே 40 டிகிரிக்கு அங்கிட்டு இந்தியப் பெருங்கடல்ல பெரிய புயல் அடிக்கும், நமக்கு இங்க ஒரு இலை கூட அசையாது, ஆனா அந்தப் புயல் கெளப்புன நீள அலை, ஸ்வெல்னு சொல்வாங்க, கெளம்பி வந்துக்கிட்டே இருக்கும். அங்கருந்து நம்ம கரைக்கு சுமார் 5300 கிலோமீட்டர், அந்த தூரத்த 20 வினாடி அலை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துல சுமார் 4 நாள்ல கடக்கும், 15 வினாடி அலைக்கு 5 நாளுக்கு மேல ஆகும். அதனால கரைல முதல்ல வந்து சேர்றது நீளமான அலைதான், வினாடி போகப் போகக் கொறையும், அந்த எறக்கத்த வச்சே புயல் எவ்வளவு தூரத்துல அடிச்சதுன்னு கணக்குப் போட்டுரலாம். மேல சொன்ன அதே வால்டர் மங்க் 1963ல நியூசிலாந்துலருந்து அலாஸ்கா வரைக்கும் ஸ்டேஷன் போட்டு இத நிரூபிச்சாரு, எனக்கு ரொம்பப் புடிச்ச ஆராய்ச்சி அது.

நடுக்கடல் புயல் பக்கம் மிதவை இல்லாத எடத்துல சாட்டிலைட் உதவுது, 2013ல இந்தியாவும் பிரான்சும் சேந்து விட்ட சரல் மாதிரி. ரேடார் துடிப்பு அலை உச்சில பட்டு முதல்லயும் பள்ளத்துல பட்டு லேட்டாவும் திரும்புது, அந்த இழுவை எவ்வளவோ அதுலருந்து அலை உயரம். இதையும் காத்துக் கணிப்பையும் கம்ப்யூட்டர் மாடல்ல போட்டு ஓட்டி, தூத்துக்குடி மாதிரி மிதவையோட சரிபாத்துத்தான் எச்சரிக்கை போகுது.

தனுஷ்கோடில நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், இங்கிட்டு பாக் ஜலசந்திப் பக்கம் பெண் கடல், அங்கிட்டு மன்னார் வளைகுடா ஆண் கடல்னு சொல்வாங்க. பாக் பக்கம் பெரும்பாலான எடத்துல 15 மீட்டர் ஆழம் கூட இல்ல, இலங்கையும் மணல் திட்டும் மறைச்சுக்கிட்டு இருக்கு, தெற்கு ஸ்வெல் நுழைய வழியில்ல. மன்னார் பக்கம் தெற்க பாத்துத் தொறந்து கெடக்கு. ஆனா வாடைக் காத்து வீசுற மாசங்கள்ல பெண் கடலும் கொந்தளிக்கும், அங்க எப்பவும் பயமில்லன்னு நெனச்சுறாதீங்க.

மிதவைய மிதக்க விடுறதோட வேலை முடியாது. பாசியும் சிப்பியும் ஒட்டி கனம் கூடிரும், வலை சிக்கும், மிதக்குற பொருளச் சுத்தி மீன் சேரும்ங்கிறதால படகு பக்கத்துல வரும், சில நேரம் கயிறு அறுந்து மிதவை போயிரும். மிதவை இருக்க வேண்டிய எடத்த விட்டு நகந்தா ஜிபிஎஸ் காட்டிக் குடுத்துரும், ஆனா தேடி எடுத்து வந்து திரும்பப் போடுற வரைக்கும் அந்தக் கடற்கரைக்கு அளவு கெடையாது. அதனால நம்ம மீனவர்கள் அத விட்டு வெலகிப் போறது பெரிய உபகாரம், அந்த அளவு மொதல்ல உதவுறதே அவங்களுக்குத்தான்.

அடுத்த தடவ போறப்ப இன்காய்ஸ் வெப்சைட்டுல இல்லன்னா அவங்க சமுத்ரா ஆப்ல ஸ்வெல்னு இருக்குற எடத்தப் பாருங்க. 15 வினாடிக்கு மேல, திசை தெற்கு இல்லன்னா தென்மேற்கு, கூடவே எச்சரிக்கையும் போட்டுருந்தா அன்னிக்கு குமரிலயும் மன்னார் பக்கமும் தண்ணில கால் வைக்காதீங்க, பாறை மேல ஏறி நிக்காதீங்க, பிள்ளைகள கரைக்கு ரொம்ப மேலயே நிறுத்துங்க. ஸ்வெல் கூட்டம் கூட்டமாத்தான் வரும், நடுவுல பல நிமிஷம் கடல் சும்மா கெடக்கும், அத நம்பி எறங்கிறாதீங்க.