லேட்டன்சி: சுணக்கம்

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வாசலில் நிற்கும்போது எடைமேடையில் பில் சேவ் ஆகாமல் நின்றால், ‘சர்வர் பிஸி’ என்று குரல் வரும். சர்வரைப் பார்க்கிறவர் ‘டிஸ்க் லேட்டன்சி ஏறிப்போச்சு’ என்பார். இரண்டும் ஒன்றல்ல.

டிஸ்கிடம் ஒன்றைக் கேட்ட கணத்திலிருந்து அது வந்து சேரும் வரை ஆகும் நேரம்தான் லேட்டன்சி. வேர் லத்தீன்: ‘லாட்டேரே’ என்றால் மறைந்திருத்தல். பள்ளியில் படித்த ‘உள்ளுறை வெப்ப’த்தின் ஆங்கிலப் பெயரும் இதே வேர்தான். தசையைத் தூண்டியதற்கும் அது சுருங்கத் தொடங்குவதற்கும் நடுவே, வெளியே ஒன்றும் தெரியாமல் கழியும் நேரத்தை உடலியலார் இந்தச் சொல்லால் குறித்தார்கள். மறைவு நேரமானது அப்படித்தான்.

தமிழில் ‘மறைவு’ என்று வேரைப் பிடித்துப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. ‘தாமதம்’ முக்குணங்களில் ஒன்றான தாமசத்திலிருந்து வந்தது. குறித்த நேரம் தாண்டிய பஸ்ஸுக்குப் பொருந்தும். டிஸ்குக்கு ஏது அட்டவணை? ‘பட்டா வேலை சுணங்கிக் கிடக்கு’ என்கிறோமே, வேலை நிற்கவில்லை, இழுக்கிறது. அந்தச் சுணக்கம்தான் சரியான சொல். அதில் குறை சொல்லும் தொனி உண்டு. வெறும் அளவாகச் சொல்ல ‘மறுமொழி நேரம்’ போதும்.

கொஞ்சம் சுணக்கம் டிஸ்கின் பிறவிக் குணம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லிநொடி. இது சுழற்சிச் சுணக்கம். தலை நகரும் நேரம் தனி. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை; சும்மா இருக்கும்போது ஒரு மில்லிநொடிக்குள் பதில் வந்துவிடும்.

இப்போது பிஸிக்கு வருவோம். லினக்ஸில் டிஸ்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் (iostat) கட்டளையை எக்ஸ் (-x) விருப்பத்தோடு, நொடிக்கொரு முறை ஓடவிடுங்கள். முதலில் வரும் தொகுப்பை விட்டுவிடுங்கள். அது சர்வர் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. கடைசி நெடுவரிசையில் ‘யூடில்’ (%util) 100% என்று கண்டதும் புது டிஸ்குக்குக் கொட்டேஷன் கேட்கிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். டிஸ்கிடம் ஏதாவது ஒரு வேலையாவது இருந்த நேரத்தின் பங்குதான் அது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எந்நேரமும் ஏதோ ஒரு லேனில் வண்டி இருக்கும். அதற்காக டோல்கேட் நிரம்பிவிட்டது என்போமா? எஸ்எஸ்டியும், பல டிஸ்கை ஒன்றாகக் கட்டிய ரெய்டும் பல லேன் வைத்தவை.

பார்க்க வேண்டியவை ஆர்-அவெயிட் (r_await), டபிள்யூ-அவெயிட் (w_await) என்ற இரண்டு நெடுவரிசைகள். படிக்கவும் எழுதவும் ஆகும் நேரம், வரிசையில் நின்றதும் சேர்த்து, மில்லிநொடியில் இருக்கும். படிக்கும் சுணக்கம் எகிறினால் இன்டெக்ஸ் (தேடலுக்கான அகராதி) இல்லாத ரிப்போர்ட்டோ, வேலை நேரத்தில் ஓடும் பேக்கப்போ காரணமாக இருக்கலாம்; பிட்ஸ்டாட் (pidstat) கட்டளையை டி (-d) விருப்பத்தோடு ஓட்டினால் டிஸ்கை இழுக்கும் நிரல் எதுவென்று தெரிந்துவிடும். எழுதும் சுணக்கம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை துள்ளினால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் செக்பாயின்ட்டை, அதாவது நினைவகத்தில் மாறியவற்றை டிஸ்கில் எழுதி முடிக்கும் வேலையைச் சந்தேகியுங்கள். அதன் இயல்பான இடைவெளி அதுதான். போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்புக்கு முந்தையது என்றால், அந்த எழுத்தைப் பாதி இடைவெளிக்குள் முடிக்கப் பார்க்கும். 0.5 என்றிருக்கும் checkpoint_completion_target அமைப்பை 0.9 ஆக்கினால் எழுத்து பரவலாகும்.