சாம்பலை அள்ளாமல் விறகு அடுக்கினால்

“ஐயா, முழங்கால் போட்டால் வார்த்தை வருகிறது. ஆனால் நான் அங்கே இல்லை.”

சபையார் எல்லாரும் தூண் என்று நம்பும் ஒருவர் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிறு பள்ளி நடத்துகிறவர், ஆராதனைக்கு ஒரு வாரமும் தவறாதவர். போதகராகவும் ஆலோசகராகவும் நான் உட்கார்ந்திருக்கும் அறையில் அடிக்கடி காதில் விழும் வாக்குமூலம் இதுதான். (இங்கே குறிப்பிடும் எவரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்: “நான் பின்மாற்றத்தில் இருக்கிறேன்,” அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிப்போனேன். அதற்கான மருந்தையும் தாங்களே முடிவு செய்திருப்பார்கள். இன்னும் ஒரு உபவாசம், இன்னும் நாலு அதிகாரம், இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுவது. சில வாரங்களில் அதுவும் நின்றுபோகும். குற்ற உணர்வு மட்டும் இரட்டிப்பாகியிருக்கும்.

அவர்களோடு நான் முதலில் திறப்பது வேதத்தில் பலிகளின் கட்டளைகளைச் சொல்லும் லேவியராகமம், ஆறாம் அதிகாரம். பலிபீடத்தின் அக்கினி அவியக்கூடாது, ஆசாரியன் காலைதோறும் விறகு போட்டு எரிக்கவேண்டும் என்ற கட்டளை பலருக்கும் தெரியும். அதற்கு முந்தின இரண்டு வசனங்களை யாரும் பிரசங்கிப்பதில்லை. சணல்நூல் அங்கி உடுத்திக்கொண்டு ஆசாரியன் சாம்பலை அள்ளிப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் கொட்டவேண்டும். பிறகு உடை மாற்றி, அதைப் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோகவேண்டும். நேற்றைய பலி எவ்வளவு பரிசுத்தமானதாக இருந்தாலும் இன்றைக்கு அது சாம்பல். அதன்மேல் விறகை அடுக்கினால் புகைதான் எழும்பும்.

ஆகவே, “எவ்வளவு நேரம் ஜெபிக்கிறீர்கள்?” என்று நான் கேட்பதில்லை. “எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்?” என்று கேட்கிறேன்.

இந்தக் கேள்வியை ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சகோதரி வந்து, வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மனதில் தங்கவில்லை, பாட்டுகூடப் பிடிக்கவில்லை என்றார். விசுவாசத்தில் உறுதியாக நிற்கும்படி புத்தி சொல்லி, ஜெபித்து அனுப்பிவிட்டேன். மாதங்கள் கழித்து அவருடைய குடும்பத்தார் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் அவருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு நோய் என்று தெரிந்தது. அந்த மாதங்களை என்னால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்றால், அதை ஆவிக்குரிய குளிர்ச்சி என்று மட்டும் எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட ஒருவரை இப்படி உலர்த்திவிடும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்டவன், சூரைச்செடியின் கீழே படுத்து, “போதும் கர்த்தாவே” என்றான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பியது சாப்பிடச் சொல்வதற்கு. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். இரண்டாம் முறையும் அதே தட்டல், அதே உணவு. ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடந்தது அதற்குப் பிறகு. தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டது அதற்கும் பிறகு.

சாம்பல் எப்போதும் களைப்புதான் என்றில்லை. யாரிடமும் சொல்லாத பாவம் சிலருக்கு உள்ளே கிடக்கும். சங்கீதம் 32இல் தாவீது தன் எலும்புகள் உலர்ந்துபோனதற்குச் சொல்லும் காரணம் அதுதான். வேறு சிலருக்கு ஒரு மன்னிக்காத பெயர் இருக்கும். பேச்சு அந்தப் பெயரை நெருங்கும்போதெல்லாம் குரல் மாறுவதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

ஊழியம் செய்கிறவர்களின் சாம்பல் வேறு வகை. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் கடிதம் அனுப்பும் எபேசு சபையிடம் பிரயாசமும் பொறுமையும் இருந்தன, ஆதி அன்பு மட்டும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனையைக் கவனியுங்கள். ஆதியில் இருந்த உணர்வை வரவழைத்துக்கொள் என்று ஆண்டவர் சொல்லவில்லை, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றார். இது எனக்குப் பெரிய ஆறுதல். உணர்வு என் கையில் இல்லை, செய்கை இருக்கிறது. பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்காமல் வேதம் வாசித்த காலம் ஒன்று நமக்கு இருந்ததல்லவா? பிரசங்கிக்கிற சகோதரர்களே, அங்கே திரும்பிப் போங்கள்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியு என்ற துறவி, நண்பகல் வேளையில் துறவிகளைப் பிடிக்கும் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது வந்தால் துறவி ஜன்னலையே பார்ப்பானாம். சாப்பாட்டு நேரமான ஒன்பதாம் மணிக்கு (நம் கணக்கில் பிற்பகல் மூன்று) இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே போய்ச் சூரியனை அண்ணாந்து பார்ப்பானாம். ஜெபத்தின் நடுவே நம் கை தொலைபேசியைத் தேடுவது இதே நோய்தான். அவர் சொன்ன மருந்து கடினமானது: அறையை விட்டு ஓடாதே. ஐந்து நிமிட ஜெபமாக இருந்தாலும் அதை முடித்துவிட்டு எழுந்திருங்கள். தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

தேடித் தேடிப் பார்த்தும் சாம்பலே அகப்படாத வறட்சியும் உண்டு. உடம்பு நலம், மனச்சாட்சி தெளிவு, ஆனாலும் வானம் வெண்கலம்போல் மூடிக்கிடக்கும். சங்கீதம் 88 இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் தேவன். ஸ்பெயின் நாட்டுத் துறவியும் கவிஞருமான சிலுவை யோவானை அவருடைய சொந்தத் துறவியர் சபையாரே 1577இல் தொலேதோ நகரில் அடைத்துவைத்தார்கள். அந்த இருட்டறையில்தான் அவருடைய பாடல்கள் பிறந்தன. அன்னை தெரசா பல்லாண்டுகள் உள்ளே இருளைச் சுமந்தார் என்பதை அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2007இல் வெளியான கடிதங்களில் உலகம் அறிந்தது. இப்படிப்பட்டவர்களிடம் உங்கள் ஜெபத்தில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. துன்பத்தில் கிடந்த யோபைப் பின்னால் குற்றஞ்சாட்டிய நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரருக்கு வருவோம். அவர் மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் ஓய்ந்திருக்கவில்லை. சபையாரிடம் பேசி அவருடைய இரண்டு பொறுப்புகளை வேறு ஆட்களுக்கு மாற்றினோம். காலையில் வேதத்தில் சங்கீதம் 13 மட்டும் போதும் என்றேன், ஆறே வசனங்கள். சத்தமாக வாசிக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அண்மையில் வந்திருந்தார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்ற முதல் வசனத்தில்தான் இன்னும் நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். “ஆனால் ஐயா, இப்போது அதைச் சொல்லும்போது நான் அங்கே இருக்கிறேன்.”